சுவருக்குள் கடல் தொட்டி பதிக்கப் போகிறீர்களா, ஒரு நிமிஷம்

பத்து வருஷமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளைச் சுற்றிவிட்டு வராவிட்டால் எனக்கு வாரமே முடியாது. அதனால் எல்லாம் தெரியும் என்கிற மிதப்பு. அந்த மிதப்பில்தான் ஹாலுக்கும் சின்ன ரூமுக்கும் நடுவே இருக்கிற சுவரை உடைத்து, பவளம் எல்லாம் வைத்து ஒரு ரீஃப் தொட்டி பதிக்கலாம் என்று இறங்கினேன்.

பிடித்த ஆள் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தவர். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். 2,10,000 ரூபாய் பேசி மூன்று தவணையில் முழுசாக வாங்கிக்கொண்டார். கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி, ‘மெரைன் ரீஃப் டேங்க், 4 அடி, கம்ப்ளீட்’. அந்தக் கம்ப்ளீட்டுக்குள் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் கிடையாது, தண்ணீர் சுத்தம் செய்கிற டிஐ ஃபில்டர் கிடையாது, உப்பின் அளவு பார்க்கிற கருவிகூடக் கிடையாது என்பதெல்லாம் பணம் கை மாறிய பிறகு தெரிந்துகொண்டது.

முதல் கோளாறு எடை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர். கடல் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே வரும், அதோடு கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் 350 கிலோ பக்கம். இதை நாலரை இஞ்ச் சுவரில் நாலு எல் ஆங்கிளும் போல்ட்டும் போட்டு நிறுத்தப் பார்த்தார். தற்செயலாக வந்த எங்கள் தெருக் கொத்தனார் பார்த்துவிட்டு, "சார், இது ஃபோட்டோ மாட்டுற சுவரு" என்றார். தரையிலிருந்து இரும்பு ஸ்டாண்டு எழுப்பினோம், அது தனிச் செலவு. தொட்டிக்கு மேலே விட்டிருந்த இடைவெளி நாலு இஞ்ச். கை முட்டிக்கு மேல் உள்ளே போகாது, சரிந்த கல்லை நிமிர்த்த அடுப்படி இடுக்கியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. இங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே ஃபில்டருக்கென்று ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதையும் சம்ப் என்றுதான் சொல்வார்கள் (வாசலில் பூமிக்கடியில் இருக்கிற சம்ப் இல்லை). அங்கிருந்து மோட்டார் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் நின்றால் அதே பைப் வழியாக மேல் தண்ணீர் கீழே இறங்க ஆரம்பிக்கும், பைப் வாய் வெளியே தெரிகிறவரை நிற்காது. நம்ம ஸ்பெஷலிஸ்ட் அந்த வாயை ஒரு சாண் ஆழத்தில் வைத்திருந்தார். ஒரு சாண் என்றால் இந்தத் தொட்டியில் நூறு லிட்டருக்கு மேல். சம்பில் மிச்சம் இருந்த இடம் இருபது லிட்டர்கூட வராது. இருட்டில் அம்மா, "டேய், காலெல்லாம் ஈரமா இருக்குடா" என்று கத்தியபோதுதான் தெரிந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், அதைச் சுற்றி உப்புத் தண்ணீர். கரண்ட் திரும்ப வருவதற்குள் ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்தேன். இதற்கு வேண்டியது என்ன தெரியுமா? அந்தப் பைப் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே கொண்டுவருவது, இல்லையென்றால் அந்த உயரத்தில் பைப்பில் ஒரு துளை போடுவது. காற்று புகுந்ததும் இறங்குவது நின்றுவிடும். அவரைக் கேட்டதற்கு, "இன்வெர்ட்டர் போட்டுக்குங்க சார்" என்றார்.

தண்ணீர் கதை சுருக்கமாக. குடிக்கிற ஆர்ஓ மெஷின் தண்ணீரையே ஊற்றச் சொன்னார். அதில் ருசிக்காகச் சுத்தம் செய்யாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிற டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கிறது (டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு), மீட்டர் வைத்தால் 90 காட்டியது. கடல் தொட்டிக்கு உப்பு கலக்கும் முன் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்புறம் நாலாவது நாளே மீன் விட்டார். மீன் கழிவில் வருகிற அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா பிடித்து அது அடங்கவே ஒரு மாசமாவது ஆகும், நன்னீரிலும் அதே கணக்குதான், எனக்கே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு நீமோவில் இரண்டு போயிற்று. மே மாசம் தொட்டி 32 டிகிரி. பவளத்துக்கு 25, 26 என்று இருக்க வேண்டும். சில்லர் இல்லாமல் சென்னையில் ரீஃப் என்று பேசுவதே பொய்.

பவளம் எங்கே என்று கேட்டேன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் பெட்டியோடு வந்தார். "ராமேஸ்வரம் கல்லு சார், உயிரோட இருக்கு". அன்றைக்குத்தான் வயிறு கலங்கியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பவளங்களை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்கி வீட்டில் வைத்திருப்பவனும் மாட்டுவான். ரீஃப் என்று என்னிடம் விலை பேசியதே இந்தக் கல்லை நம்பித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டியைத் திறக்கவே விடாமல் வாசலோடு அனுப்பினேன். "கல்லுதானே சார், எல்லார் வீட்லயும் இருக்கு" என்று முறைத்துக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

இப்போது சில்லர், டிஐ ஃபில்டர், எர்த் லீக் ஆனால் டிரிப் ஆகிற பிரேக்கர் எல்லாம் நானே வாங்கிப் போட்டேன், இன்னொரு 70,000 ஆனது. செயற்கைக் கல், இரண்டு நீமோ, அவ்வளவுதான். யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால் அவர் கட்டி ஒரு வருஷம் ஓடின தொட்டியை நேரில் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டு மோட்டார் சுவிட்சை ஒருமுறை ஆஃப் செய்யச் சொல்லுங்கள், அந்த வீட்டுக்காரர் முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

அந்த ஆள் இன்னும் என் தொட்டிப் படத்தைத்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து ஆள் பிடிக்கிறார். முதல் நாள் நீல விளக்கில் எடுத்தது, பார்க்க ஜோராகத்தான் இருக்கும். கண்ணாடியில் வலது ஓரமாகப் பாருங்கள், சுவர்க் கடிகாரம் ஒன்று இடம் வலம் மாறித் தெரியும். அது எங்கள் வீட்டுக் கடிகாரம்.