காகித உறையில் வந்த வெள்ளை மாத்திரை

எங்கள் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளாக வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர், என் தாயாரின் மூட்டு வலிக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் சொல்லாமல் மாத்திரை கொடுத்துவந்தார். அது வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்தாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது, அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் செய்ததைச் சொல்வதோடு, அதை நிரூபிக்க எங்கள் கையிலேயே இருந்த சான்றுகளை நாங்களே எப்படித் தொலைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 தொடக்கத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியது. டாக்டர் பழுப்புக் காகித உறையில் சிறிய வெள்ளை மாத்திரைகளைப் போட்டு, உறையின் மேல் "1-0-1" (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் வலி பறந்தது. "கைராசிக்காரர்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னார். அடுத்த சில மாதங்களில் அவருக்குப் பசி கூடியது, முகம் உருண்டு திரண்டது. உறவினர்கள் அதைப் பார்த்து "இப்பதான் முகத்துல தெளிவு வந்திருக்கு" என்று மகிழ்ந்தார்கள். வளையல் பட்ட இடமெல்லாம் கையில் கருநீலத் திட்டு விழுந்தது. 2022இல் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தபோது, "வயசாச்சு இல்லையாம்மா" என்று சொல்லி அதற்கும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். வட்டமான முகம், மெலிந்த தோல், ஏறும் சர்க்கரை ஆகியவை நீண்ட நாள் ஸ்டீராய்டின் பாடப்புத்தக அடையாளங்கள் என்பதைப் பின்னாளில் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

2023 மே மாதம் டாக்டர் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட, கிளினிக் ஒரு மாதம் பூட்டிக்கிடந்தது. மாத்திரை தீர்ந்ததும் கடைசி ஒன்றை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் இல்லாம எதுன்னு தர்றது சார்?" என்று கேட்டார்; அவர் கேட்டதில் தவறில்லை. வலிதானே, டாக்டர் வரட்டும் என்று விட்டுவிட்டோம். ஒன்பதாம் நாள் வாந்தி தொடங்கியது. பத்தாம் நாள் விடியற்காலையில் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பும் முறிந்தது. தஞ்சையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்த அழுத்தம் 80/50, இரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் 118; இரண்டுமே மிகக் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டேயிருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் என்றும், மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்காமல் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் அங்கே விளக்கினார்கள். உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்ட சில மணி நேரத்தில் அம்மா கண் திறந்து காபி கேட்டார். அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவைப் பார்க்கப் பின்னர் எடுத்த பரிசோதனையும் அவர்கள் சந்தேகித்ததை உறுதி செய்தது. ஆறு நாளுக்கு ஆன செலவு 1,86,000 ரூபாய்.

ஊர் திரும்பிய டாக்டர் வீட்டுக்கே வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். என்ன மாத்திரை என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. ஆனால் மூன்று ஆண்டு குறிப்புகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற விதி உள்நோயாளிகளுக்கானது. புறநோயாளிக்கு நான் குறிப்பு வைப்பதில்லை என்று அவர் தப்பித்துக்கொள்ள அது வழிவிட்டது. அதே விதிகள், மருத்துவர் தரும் மருந்தின் வணிகப் பெயரும் மூலப் பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் கூறுகின்றன. எங்கள் வழக்கின் முதுகெலும்பு இப்போது அந்த ஒரு வரிதான்.

அடுத்து வந்தது சமரசம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் 50,000 ரூபாய் தருவதாகவும், இனி எந்தப் புகாரும் இல்லை என்று முத்திரைத் தாளில் அம்மா கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "பொங்கல் போகட்டும்", "கோயில் கும்பாபிஷேகம் முடியட்டும்" என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 69ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதும், பேச்சுவார்த்தை நடப்பதால் அந்தக் காலம் தானாக நின்றுவிடாது என்பதும் எனக்கு வழக்கறிஞர் வீட்டுத் திண்ணையில்தான் தெரிந்தது. அப்போது எஞ்சியிருந்தது ஏழு வாரம்.

காவல் நிலையத்துக்குப் போ என்றார் மாமா. மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வகுத்திருப்பதைச் சொல்லி வழக்கறிஞர் அந்த வழியை விலக்கினார். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் எச்சரிக்கவோ பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவோ முடியும். இழப்பீடு வாங்கித்தர முடியாது. எனவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடினோம். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. எந்த ஆணையம் என்பதையும் தாக்கல் கட்டணத்தையும் நாம் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, மருத்துவருக்கு நாம் கொடுத்த தொகைதான் தீர்மானிக்கிறது; அது ஐந்து லட்சத்துக்குள் என்பதால் நாங்கள் தாக்கல் கட்டணமாக ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை.

வழக்கறிஞர் அறிவிப்புக்கு வந்த பதில்தான் என்னை உலுக்கியது. "மேற்படி அம்மையார் என்னுடைய தொடர் நோயாளி அல்லர்" என்று, என் திருமணத்துக்கு முதல் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டவர் எழுதியிருந்தார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு அந்தக் கிளினிக்கில் யாருக்கும் கொடுத்ததில்லை. என் தம்பி கூகுள் பே மூலம் மாதாமாதம் அனுப்பிய 250 ரூபாய்தான் கைகொடுத்தது. அவன் கைப்பேசியில் இருபத்தாறு பரிவர்த்தனைகள், பெறுபவர் இடத்தில் டாக்டரின் பெயருடன் வரிசையாக இருந்தன. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அம்மா அவரிடம் போனதையே காட்ட வழியிருந்திருக்காது.

மாத்திரைக்கு வருகிறேன். அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று காலை, இரவு எனப் பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி, ஒவ்வொரு மாதமும் உறையைப் பிரித்து மாத்திரைகளை அதில் நிரப்பி உறைகளைக் குப்பையில் போட்டவன் நான். கடைக்காரரிடம் காட்டிய அந்தக் கடைசி மாத்திரையும் சட்டைப் பையிலேயே கரைந்துபோனது. தப்பியது ஓர் உறை மட்டுமே. அதன் பின்புறத்தில் அம்மா பால் கணக்கு எழுதி ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். முன்பக்கம் டாக்டரின் கையெழுத்தில் "1-0-1", தேதி கிடையாது. பின்பக்கம் 2022 நவம்பர் மாதப் பால் கணக்கு, தேதிவாரியாக. வழக்கறிஞர் அதைத் தங்கத் தகடு போல வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொரு காயம் எங்கள் பக்கமே விழுந்தது. அம்மாவை அவசரப் பிரிவில் சேர்த்த பதற்றத்தில், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்ட பயிற்சி மருத்துவரிடம் தம்பி, "ஏதோ வலி மாத்திரை, கடையில வாங்கினதுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். அது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிட்டது. நாங்கள் பில் தொகையைத்தான் சரிபார்த்தோம், அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. டாக்டர் தரப்பின் பதிலுரை முழுவதும் இப்போது அந்த ஒற்றை வரியின் மேல்தான் நிற்கிறது. வீட்டுக்குக் கிளம்புமுன் வாசித்து, தவறு இருந்தால் எழுத்து மூலம் திருத்தம் கேட்டிருந்தால், சிகிச்சையளித்த மருத்துவரை இன்று வாக்குமூலத்துக்காக அலைக்கழிக்க வேண்டியிருக்காது. எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல், மலேரியாவை டைபாய்டு என்று சிகிச்சை செய்த ஹைதராபாத் வழக்கில் சொல்லியிருந்தாலும், எங்கள் நிலையில் நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் கருத்து இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு வாய்தா மேல் வாய்தா.

அம்மா இப்போதும் ஹைட்ரோகார்ட்டிசோன் சாப்பிடுகிறார், அட்டையிலிருந்து தானே பிரித்து. பெயரை என்னை ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் விழுங்குவார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது இப்படிப் பெயரில்லாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றே அதை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் அம்மாவைச் சாய்த்தது அந்தத் திடீர் நிறுத்தம்தான். உறையோடும் மாத்திரையோடும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மாத்திரைகளை அதே உறையில் தனியே வைத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் வேறொரு மருத்துவரைப் பாருங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும்.