வால்மீனைப் படமெடுக்க டிராக்கரா, வெறும் முக்காலியா?

2024 அக்டோபர் நடுவில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் மேற்கு வானில் வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் இடையே தோன்றியபோது, ஊர் விளக்குகள் எட்டாத வயல்வெளிக்கு டிராக்கரோடு (வானம் நகரும் திசையில் கேமராவை மெல்லத் திருப்பும் கருவி) ஒரு மாலையும் முக்காலியோடு மறுமாலையும் சென்றேன். பிரகாசமான வால்மீனுக்கு முக்காலியே ஏற்றது என்பது என் முடிவு.

டிராக்கரின் பலம் தெரிந்ததுதான்: புவிச் சுழற்சியை அது ஈடுசெய்வதால், நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் ஒளியை விடும் நேரம்) வைக்கலாம். எடையும் விலையும் கூடுதல்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது நேரம். வால்மீன் சூரியனை நெருங்கும்போதுதான் மிகுதியாக ஒளிர்கிறது. ஆகவே அந்நாட்களில் அது அந்தியிலோ விடியலிலோ அடிவானத்தை ஒட்டியே நிற்கும். டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தோடு பொருத்த வேண்டும். அந்தி வெளிச்சத்தில் அது தாமதமாகத்தான் கண்ணில் படும், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இடங்களில் மிகத் தாழ்ந்தும் இருக்கும். நான் பொருத்தி முடிப்பதற்குள் இருபது நிமிடங்கள் கழிந்து, வால்மீனின் தலை அடிவானப் புழுதியில் செம்மை படர்ந்து மங்கத் தொடங்கிவிட்டது. அந்தி வெளிச்சத்தோடு, முழுநிலவை நெருங்கிய நிலவொளியும் இருந்ததால், நீண்ட எக்ஸ்போஷர் வானத்தைத்தான் வெளுக்கச் செய்தது. டிராக்கரின் ஒரே அனுகூலமும் அங்கே பயனற்றுப்போனது.

மறுமாலை முக்காலியில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 1600 (ஒளியுணர்திறன்). நட்சத்திரங்கள் கோடாகாமலிருக்க, லென்ஸின் குவியத் தூரத்தால் 500ஐ வகுக்கும் வழக்கப்படி 6 வினாடி வரை போகலாம்; தலைப்பகுதி கூர்மையாக அமைய வேண்டுமென்று 4 வினாடியோடு நிறுத்தினேன். வெள்ளியைக் கேமராத் திரையின் நேரடிக் காட்சியில் (லைவ் வியூ) பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, நகராதபடி டேப் ஒட்டினேன். நாற்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, வெறுங்கண்ணுக்கு, நீட்டிய கையின் முஷ்டி அகலமே தெரிந்த வால் அதைப்போல் இரு மடங்கு நீண்டிருந்தது. கேமரா தானாகச் சொடுக்கிக்கொண்டிருக்க, நான் 10×50 பைனாகுலரில் வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைநோக்கியின் குறுகிய பார்வைப் பரப்பில் இவ்வளவு நீண்ட வால் அடங்காது.

டிராக்கரோடு எனக்குப் பழக்கம் மூன்று இரவுகளே. தேர்ந்தவர்கள் ஐந்து நிமிடங்களில் அச்சைப் பொருத்திவிடக்கூடும். அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். வால்மீன் சூரியனைவிட்டு விலகி, மங்கி, இருண்ட வானில் உயரமாக நிற்கும் வாரங்களில், 200 மி.மீ. லென்ஸோடு நானும் டிராக்கரையே எடுப்பேன்.