விளம்பரம் படித்தால் வேலை கிடைக்குமா? மூன்று வருடம் படித்தவளின் விமர்சனம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாவும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விளம்பரத்தில் இளங்கலை படித்தேன், கல்லூரிப் பெயர் வேண்டாம். இப்போது ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ் காப்பிரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவள், ஆறு வருடம் ஆகிறது. படிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

அந்த மூன்றரையில் பெரும்பங்கு இரண்டாம் வருட ரேடியோ வகுப்புக்குத்தான். 30 விநாடி விளம்பரம் எழுதி நாமே எழுந்து நின்று வாசிக்க வேண்டும், மேடம் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். ஒரு பாத்திரக்கடையின் மிக்ஸி ஆஃபருக்கு நான் எழுதியது 52 விநாடி ஓடியது. முகவரி, வாரண்டி, கடையின் பாரம்பரியம், இலவச டெலிவரி என்று கண்டதையும் திணித்திருந்தேன். "கடைக்கு வரப்போகிறவளுக்கு எது தெரிந்தால் கிளம்புவாள்? அதை மட்டும் வை" என்றார். பழைய மிக்ஸியைக் கொண்டுவந்தால் விலை குறையும், இவ்வளவுதான் வைத்தேன், 28 விநாடியில் முடிந்தது. விளம்பரம் கேட்கிற கிளையண்ட் தரும் குறிப்பில் (பிரீஃப்) பத்து விஷயம் இருந்தாலும் ஒன்றைப் பிடித்து மற்றதை விடுவது, இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அதுதான்.

விளம்பர நெறிமுறையையும் நன்றாக நடத்தினார்கள். விளம்பரத் துறை தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள 1985-ல் தொடங்கிய ஏ.எஸ்.சி.ஐ. அமைப்பின் விதிகளை உண்மையான விளம்பரங்களோடு வைத்துப் பார்த்தோம். இன்ஸ்டாவில் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் அவர்கள் கொண்டுவந்த விதி, கிளையண்டிடம் மறுத்துப் பேச எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

குறை என்றால், முதலில் தமிழ். மூன்று வருடத்தில் தமிழில் எழுதச் சொன்னது அந்த ரேடியோ வகுப்பு மட்டும்தான், மற்ற அசைன்மெண்ட் எல்லாம் ஆங்கிலம். வேலைக்கு வந்தால் நிலைமை வேறு. மும்பையில் இந்தியில் எடுத்த விளம்பரப் படம் தமிழில் மாற்ற வரும், நடிகை உதட்டை மூடுகிற இடத்தில் ப, ம வருகிற சொல்லாகப் பார்த்துப் போட வேண்டும், பொருளும் மாறக்கூடாது, நம் வீட்டுப் பெண் பேசுகிற மாதிரியும் இருக்க வேண்டும். இது பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. எஸ்எம்எஸ் கூட அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'வாழ்த்துகள்' நமக்கு ஆறு எழுத்து, சிஸ்டத்துக்கு 11. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடைக்கு நான் எழுதிய தீபாவளிச் செய்தி மூன்றாக உடைந்து மூன்று மடங்கு செலவு வைக்கப் பார்த்தது, அனுப்பும் முன் சீனியர் ஒருவர் பார்த்ததால் தப்பித்தேன்.

அடுத்து, மீடியா பிளானிங். எந்தச் சேனலில், எந்தப் பேப்பரில், எத்தனை சதுர சென்டிமீட்டர், எவ்வளவு காசு என்கிற கணக்கை ஒரே செமஸ்டரில் ஓட்டிவிட்டார்கள். புதியவர்களுக்கு வேலை நிறைய இருப்பது அங்கேதான். என் வகுப்பில் நாற்பது பேர், எல்லோருக்கும் எழுதுகிற காப்பியோ வடிவமைக்கிற ஆர்ட்டோதான் கனவு. கடைசியில் பாதிப் பேர் கிளையண்டுக்கும் ஏஜென்சிக்கும் நடுவே நின்று பேசுகிற கிளையண்ட் சர்வீசிங்கிலும், கூகுள், மெட்டா விளம்பரங்களை ஓட்டி தினமும் செலவு பார்க்கிற டிஜிட்டல் வேலையிலும் இருக்கிறார்கள், அதில் எக்செல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் சீக்கிரம் மேலே போனார்கள். இரண்டு பேர் சொந்த ஊருக்கே போய் நகைக்கடை, மசாலா கம்பெனி என்று உள்ளூர் பிராண்டுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஒருத்தி மைக்காட் நுழைவுத் தேர்வு எழுதி, அகமதாபாத்தில் விளம்பரம், மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுக்கிற மைக்கா கல்லூரிக்கு மேற்படிப்புக்குப் போனாள்.

இன்னொன்று, ஏஜென்சியில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ராத்திரி வேலையும் உண்டு. இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இன்டர்வியூவில் என் மார்க் ஷீட்டை யாரும் கேட்கவில்லை, செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான் புரட்டிப் பார்த்தார்கள்.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தையும் ஸ்டூடியோவையும் சுற்றிப் பார்த்துவிட்டு வராதீர்கள். மூன்றாம் வருடத்துப் பிள்ளை ஒருவரின் போர்ட்ஃபோலியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிஜமாகவே காசு கொடுத்த ஒரு கடைக்காரருக்குச் செய்த வேலை அதில் ஒன்றாவது இருக்கிறதா, தமிழில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.