கல்லறைக் கல்: மயிலாடி உளியா, கம்ப்யூட்டர் வெட்டா?

குமரி மாவட்டத்தில் கல்லறைக் கல் செய்து வாங்க இன்று மூன்று வழி இருக்கிறது. மயிலாடிக் கல்தச்சர்களிடம் கொடுத்து உளியால் வெட்டி வாங்கலாம். கிரானைட் கடைகளில் ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி மணல் வீச்சில் எழுத்தெடுக்கலாம். லேசரில் படமும் எழுத்துமாகப் பொறிக்கலாம். மூன்று விதக் கல்லும் நம் கல்லறைத் தோட்டங்களில் பல மழைக்காலம் தாண்டி நிற்கின்றன. எது வாசிக்கிற நிலையில் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து எழுதியது இது. ஒரே கடையில் ஒரு கல் சீராகவும் அடுத்தது மோசமாகவும் வருகிறது. அதனால் கடைப் பெயர் சொல்வதைவிட முறையைச் சொல்வதே வாங்குகிறவர்களுக்கு உதவும்.

வேத வசனத்துக்காகக் கல் வைக்கிறீர்கள் என்றால் உளி வெட்டு, அல்லது ஆழமான மணல் வீச்சு. லேசரைப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வசனம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடக்க ஆராதனையில் குழியருகே மண் போடும்போது, உயிர்த்தெழுதல் உண்டு என்கிற நிச்சயமான நம்பிக்கையோடுதான் உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அழுகைச் சத்தத்துக்கு நடுவே அது பாதிப்பேர் காதில் விழுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தனியே வந்து நிற்கிற மனைவிக்கோ பிள்ளைக்கோ அதைத் திரும்பச் சொல்ல அங்கே இருப்பது கல் மட்டும்தான். ஆனால் கடைகளில் காட்டுகிற மாதிரித் தாளைப் பாருங்கள்: மேலே முக்கால் பாகம் புகைப்படமும் பூ வளையமும், நடுவில் பெயர், பட்டம், பதவி, கடைசியில் அரை அங்குல எழுத்தில் ஒரு வரி வசனம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மழையில் செம்மண் தெறிக்கும், பாசி முதலில் பிடிப்பதும் அங்கேதான், மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அங்கேதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது. முதலில் அழிவது வசனம்தான். எந்தக் கடைக்குப் போனாலும் வசனத்தை மேலே ஏற்றுங்கள், பெயரை அதன் கீழே வையுங்கள். இதற்குக் கூடுதல் காசு எந்தக் கடையும் கேட்பதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

மயிலாடி. ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் 1809இல் ஆலயம் எழுப்பிய ஊர், கல்சிற்பத்துக்கும் பெயர் பெற்ற ஊர். தச்சர்கள் எழுத்தைக் கல்லில் சாய்வாக இறக்குவார்கள். பள்ளத்தின் இரு பக்கச் சரிவிலும் வெயில் பட்டு நிழல் விழுவதால், பெயின்ட் உரிந்து போனாலும் எழுத்து தெரியும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை முதல் இடத்தில் வைக்கலாம். குறைகளும் உண்டு. ஒரு அங்குலத்துக்குச் சிறிய எழுத்தைத் தமிழில் உளியால் சுத்தமாக வெட்ட முடியாது. ண, ணை, இ, ஞ ஆகியவற்றின் சுழிக்குள் நிற்கிற சின்னக் கல் துணுக்கு பெயர்ந்துவிடும். அதனால் நீளமான வசனம் பிடிக்காது. 'கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்' போன்ற வரிதான் உளிக்கு ஏற்றது. காசு எழுத்துக் கணக்கில் பேசுகிறார்கள். புள்ளியும் கொம்பும் தனி எழுத்தாக எண்ணப்படுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவசரப்படுத்தினால் கடைசி வரிகள் ஆழம் குறைந்து வரும். நாள் கொடுத்து வாங்குங்கள்.

மணல் வீச்சு. பாலிஷ் செய்த கிரானைட்டின்மேல் ரப்பர் ஷீட் ஒட்டி, எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அழுத்தக் காற்றில் துகள் அடித்துப் பள்ளம் எடுக்கிறார்கள். சுழிக்குள் இருக்கிற ரப்பர் துணுக்கு வீச்சில் பறந்தால் அந்தச் சுழி மொத்தமாகக் குழியாகிவிடும். எழுத்து முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் இது பெரும்பாலும் நடக்காது. ஆழத்தைச் சோதிக்க எளிய வழி: ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டு நாணயத்தின் அளவுக்காவது எழுத்து இறங்கியிருக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க ஒரு மில்லிமீட்டரோடு நிறுத்தித் தங்கப் பெயின்ட் பூசிக் கொடுக்கிற கடைகள் உண்டு. கடையில் பளபளக்கும். பெயின்ட் உரிந்த பிறகு தடவிப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

லேசர். கறுப்பு கிரானைட்டின் பாலிஷை மட்டும் சுட்டு வெளுக்க வைக்கிற வேலை இது; ஆழம் என்று எதுவும் இல்லை. முகம் அச்சாக வரும், அதை மறுக்க முடியாது. ஆனால் கல் நனைந்தால் வெளுத்த இடமும் கறுப்பாகிப் படமும் எழுத்தும் மங்கிவிடும். ஜூன் முதல் டிசம்பர் வரை பல நாள் நனைந்து கிடக்கிற கல்லில் வசனத்தை லேசரில் போடுவது வீண். மட்டமான கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துக் கல்லின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம்.

மார்பிளைப் பற்றி ஒரே வரி: பாசி போக ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் மாறாதவரை வெள்ளை மார்பிளை வாங்க வேண்டாம், ஆசிட் அந்தக் கல்லையே கரைக்கும்.

எந்தக் கடையானாலும் பிழை நுழைகிற இடம் டைப்பிங். வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழைக் கடைக்காரர் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ, கௌ உடைந்து ஒற்றைக் கொம்பு தனியே நிற்கும். 'உயிர்த்தெழுதலும்' என்பதில் ஒரு த் காணாமல் போகும். கல்லின் முழு அளவிலேயே தாளில் அச்செடுத்துக் கேளுங்கள். சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று வாசியுங்கள். வீட்டில் ஒருவரும் போதகரோ சபை ஊழியரோ ஒருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். எந்த வேதாகமம் என்பதையும் சொல்ல வேண்டும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்றிருக்கிற இடம் கத்தோலிக்க வீட்டாரின் விவிலியத்தில் 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே' என்றிருக்கும். கடைக்காரர் கையில் இருக்கிற ஸ்டென்சிலைத்தான் எடுத்து ஒட்டுவார்.

வசன எண்ணை இன்னும் கூர்ந்து பாருங்கள். நிச்சயத்தைச் சொல்ல 1 யோவான் 5:13 மிகவும் ஏற்றது. நித்தியஜீவன் உண்டென்று 'நீங்கள் அறியும்படிக்கு' எழுதினேன் என்கிறார் அப்போஸ்தலர் யோவான். முன்னால் நிற்கிற அந்த 1 விட்டுப்போனால் அது யோவான் 5:13 ஆகிவிடும். அங்கே இருப்பது, குணமானவன் தன்னைக் குணமாக்கியவர் இன்னாரென்று அறியவில்லை என்ற செய்தி. எண்ணைப் பார்த்து வேதத்தைத் திறக்கிற பேரப்பிள்ளைக்கு எதிர்ப்பொருள் போய்ச் சேரும்.

எந்த வசனம் என்பதில் கடைக்காரரிடம் யோசனை கேட்காதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்' என்பதாகத்தான் இருக்கும். பவுல் தன் மரணம் நெருங்கியதை அறிந்து தன்னைப் பற்றி எழுதியது அது. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் பண்ணப்பட்ட வேதசாட்சி தேவசகாயம் போன்ற ஒருவருக்கு அது முழுவதும் பொருந்தும். எல்லாக் கல்லிலும் அதை வெட்டினால் நம்பிக்கை இறந்தவரின் சாதனைமேல் போய் நின்றுவிடுகிறது. நல்ல போராட்டம் போராடாமல், பல ஆண்டு சபைக்கு வெளியே இருந்து, கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் 'ஆண்டவரே' என்று கூப்பிட்டவருக்கும் ஒரு வாக்கு இருக்கிறது: 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்.' சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் காட்ட ஒரு நற்செயலும் இல்லை. நித்திய ஜீவனின் நிச்சயம் கிறிஸ்துவின் சொல்மேல் நிற்கிறது. கல்லிலும் அவர் சொல்லே பெரிதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்பதை உறவினர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது யோபு தன் பிள்ளைகளை இழந்தபோது தன் வாயால் சொன்னது. பெற்றவர்கள் தாங்களே கேட்டால் மட்டும் வெட்டுங்கள். 2 சாமுவேல் 12:23இல் தாவீது தன் குழந்தையைப் பற்றி 'நான் அதினிடத்துக்குப் போவேனே' என்கிறான். சிறிய கல்லிலும் அது அடங்கும்.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல் வைக்கிற வீடுகள் நம் கடற்கரையில் அதிகம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து வீடுகளுக்கு இந்தத் துயரம் நன்றாகத் தெரியும். வெளிப்படுத்தின விசேஷம் 20:13இல் 'சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது' என்று இருக்கிறது. உடல் எங்கே கிடந்தாலும் உயிர்த்தெழுதலுக்குத் தப்பாது என்பதற்கு இதைவிட நேரான சொல் இல்லை. ஆனால் வசனம் அதோடு முடிவதில்லை, நியாயத்தீர்ப்புக்குள் போகிறது. முதல் பகுதியை மட்டும் வெட்டி, அதன் கீழே 'நானே உயிர்த்தெழுதலும்' என்று தொடங்கும் யோவான் 11:25ஐச் சேர்ப்பது நல்லது.

பதிக்கிற வேலையில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. ஆண்டு நினைவுக்குள் முடிக்க வேண்டும் என்று அடக்கம் முடிந்த இரண்டாம் மாதமே கல்லை ஏற்றுகிறார்கள். குழியில் போட்ட மண் இறுகவில்லை. பெட்டி மக்கி உள்ளே இறங்கும்போது மேல்மண் அமுங்கும், பலகைக் கல் நடுவில் விரிசல் விட்டுப் போகும். குறைந்தது ஒரு மழைக்காலம் முழுவதும் கழியட்டும். பிறகு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், மழையில்லாத நாளாகப் பார்த்துப் பதியுங்கள். அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதன் ஓரங்கள் குழிக்கு வெளியே, தோண்டாத மண்ணில் உட்கார வேண்டும். மேற்பரப்பு அடிக்குக் கால் அங்குலம் சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது.

நிற்கிற கல்லைப் பிடிக்கச் செருகுகிற கம்பி சாதாரண இரும்பாக இருந்தால், துருப்பிடித்து உப்பி, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். கடலோரம் என்றால் 316 கிரேடு என்று எழுதி வாங்குங்கள், சாதாரண 304 கிரேடு அங்கே கறை விடும்.

பழைய வழக்கப்படி தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக அடக்கம் செய்வார்கள், எழும்பும்போது முகம் கிழக்கே இருக்கும்படி. நிற்கிற கல் தலைமாட்டில் வரவேண்டும். நடைபாதை கால்மாட்டுப் பக்கம் இருந்தால் கொத்தனார் வசதி பார்த்து அங்கே நட்டுவிடுவார், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். திசை மாறி அடக்கம் செய்த தோட்டங்களும் உண்டு என்பதால் ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் சொல்லும் முன்பே சபைக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ அனுமதி கேளுங்கள். இட நெருக்கடியால் நிரந்தரக் கட்டுமானத்துக்கு அளவு வைத்திருக்கிற சபைகள் உண்டு, அறவே அனுமதிக்காத சபைகளும் உண்டு. முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் கடை திருப்பித் தராது.

குடும்பக் கல்லறையாக இருந்தால் இன்னொரு முறை திறக்க வேண்டிவரும். ஆறடிக்கு இரண்டரையடி, இருபது மில்லிமீட்டர் கனப் பலகை எழுபது கிலோவுக்குக் குறையாது. நாலு பேர் தூக்குகிற வேலை. அதைச் சிமென்ட் போட்டு முழுக்க ஒட்டிவிட்டால் திறக்கும்போது உடையும். இரண்டு துண்டாக வாங்கி, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கலவை வைத்து உட்கார வைக்கச் சொல்லுங்கள். துணைவர் பெயருக்கு இடம் விட்டிருந்தால், பெயர்க்கல்லைப் போல்ட்டில் மாட்டுவது நல்லது. பிறகு எழுத்துச் சேர்க்க அதை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். தோட்டத்தில் வைத்தே வெட்டினால் பழைய எழுத்தின் ஆழமும் புதியதின் ஆழமும் ஒத்து வருவதில்லை.