‘கிரிப் ஸ்பெஷல்’ பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்களின் வீட்டாருக்காக எழுதுகிறேன். 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் தம்பியின் முழங்கையைக் கெடுத்த பயிற்சி மையம், இப்போது அடுத்த பேட்ச்சுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அக்னிவீர் ரேலியில் ‘பீம்’ என்று சொல்லும் புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) 10 எடுத்தால் முழு 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16தான். தம்பி ஓட்டத்தில் கெட்டி. பீமில்தான் பிடி நழுவிவிடும். அதற்காகத்தான் இந்த மூன்று மாதப் பேக்கேஜ். தனித்தனிக் கவனம், செலக்‌ஷன் நிச்சயம் என்றார்கள். போனால் மொத்த பேட்ச்சுக்கும் ஒரே கோச், அவரும் பாதி நேரம் போனில்.

முதல் வாரமே கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்து ஏறும் டவல் புல்-அப், தடிக் கம்பி. அந்தக் கம்பியை நேரில் பார்த்தேன். ஜி.ஐ. பைப்பின் மேல் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைச் சொருகி, இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டியிருந்தார்கள். பிடித்துத் தொங்கினால் ஃபோம் பைப்பின் மேலேயே சுழல்கிறது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பளுதூக்கும் கம்பியே 28 மி.மீ.தான். இந்த மாதிரி 50 மி.மீ. தடிமனில் விரல்கள் முழுக்கச் சுற்றாது, கட்டைவிரல் பூட்டும் கிடைக்காது. நன்றாகப் பழகியவர்களுக்கு அது அருமையான பயிற்சி. ஆனால் சாதாரணக் கம்பியில் அரை நிமிடம் தொங்க முடியாத பையனுக்கு அதை யார் கொடுப்பார்கள்?

விரலையும் மணிக்கட்டையும் மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றில் பல முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் போய்ச் சேர்கின்றன. தசை சீக்கிரம் பலப்படும். அதை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் பழகும். தம்பிக்குப் பிடுங்கிக்கொண்டது அந்த இடத்தில்தான். “அண்ணா, வலிக்குதுன்னு சொன்னா, வலிச்சாதான் வளரும்ங்கறாரு” என்றான். ஒரு மாதம் ஆவதற்குள் ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை, பாத்ரூம் குழாயைத் திருக முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் அந்த முனையை அழுத்தியதுமே கையை உதறிவிட்டான். கோல்ஃபர்ஸ் எல்போ என்றார்.

இதில் ‘கிரிப் பவுடர்’ என்று 600 ரூபாய் தனி. பாக்கெட்டில் பெயரே இல்லை. ஜிம்னாஸ்ட்கள் பூசும் மெக்னீசியம் கார்பனேட் வியர்வையை இழுத்துக் கையைச் சொரசொரப்பாக்கும். இது முகப் பவுடர் மாதிரி வழுக்கியது.

பிசியோ சொன்ன வரிசையில், வலி தணிந்த பிறகு இப்போது போய்க்கொண்டிருக்கிறான். முதலில் சாதாரணக் கம்பியில் தொங்குவது. அப்புறம் முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுப்பது. பிறகு ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, நிதானமாக உடலை இறக்குவது. உள்ளங்கை எதிரெதிராகப் பார்க்கும் பிடி முழங்கைக்கு இதமாக இருக்கிறது. விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரிப்பதும் உண்டு. மடக்கும் தசைக்கே வேலை கொடுத்தால் போதாதாம். துண்டும் தடிக் கம்பியும் இதெல்லாம் வலியில்லாமல் வந்த பிறகுதான். அதுவும் வாரத்தில் ஒரு நாள், கொஞ்சமாக.

பணத்தைக் கேட்டதற்கு ரசீதில் அச்சடித்த ‘நோ ரீஃபண்ட்’ வரியைக் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஒரே குறை உள்ள பலர் நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம். தம்பியோடு அந்த பேட்ச்சில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், டாக்டர் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் அனுப்புங்கள்.