ஹ்யூகோவின் லிங்க் வசதிகள்: எதை நம்பலாம், எதை அணைத்து வைக்கலாம்

2013இல் வெளிவந்த ஹ்யூகோ, எழுத்துக் கோப்புகளிலிருந்து இணையதளத்தை ஹெச்டிஎம்எல் பக்கங்களாக உருவாக்கித் தரும் மென்பொருள். அதன் வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வார்ப்பில்) அது லிங்குகளைக் கையாளும் விதம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. தளத்தை டொமைனின் வேரிலிருந்து ஒரு துணை ஃபோல்டருக்கு மாற்றும்போதுதான் அதன் நிறைகுறைகள் வெளியே வரும்.

முதலில் பெரிய குறை. தளத்தின் அடிப்படை முகவரியைக் குறிக்கும் பேஸ்யூஆர்எல் அமைப்பில் உள்ள முகவரி "/கையேடு/" என்று முடிகிறது என வைத்துக்கொள்வோம். பாதையை லிங்காக்கித் தரும் ரெல்யூஆர்எல் ஃபங்ஷனுக்கு "படம்/லோகோ.பிஎன்ஜி" என்று கொடுத்தால் "/கையேடு/படம்/லோகோ.பிஎன்ஜி" கிடைக்கும். அதையே முன்னால் ஒரு சாய்கோட்டோடு கொடுத்தால், கையேடு சேராமல் "/படம்/லோகோ.பிஎன்ஜி" என்றே திரும்பும், உலாவியில் "கிடைக்கவில்லை" என்னும் 404 பிழை. டொமைனோடு முழு முகவரியைத் தரும் ஆப்ஸ்யூஆர்எல்லும் இப்படித்தான். தளம் வேரில் இருக்கும்வரை இரண்டு எழுத்துமுறைக்கும் ஒரே விடை என்பதால் தவறு கண்ணில் படாது. வேறொருவர் எழுதிய தீம் (தளத்தின் ஆயத்த வடிவமைப்பு) ஒன்றை எடுத்தால் முதல் வேலையாக ரெல்யூஆர்எல் வரும் இடங்களை எல்லாம் தேடி, முன் சாய்கோட்டை நீக்குங்கள். பேஸ்யூஆர்எல்லின் கடைசிச் சாய்கோட்டை மட்டும் நீக்கிவிடாதீர்கள். சோதிக்கச் சர்வரில் ஏற்ற வேண்டியதில்லை: ஹ்யூகோ சர்வர் துணைப் பாதையை அப்படியே வைத்துக்கொள்கிறது, 1313 போர்ட்டில் "/கையேடு/" முகவரியைத் திறந்தாலே உடைந்தவை தெரிந்துவிடும்.

கையால் எழுதிய பாதைக்குப் பதில் பக்கத்தையோ கோப்பையோ ஹ்யூகோவிடமே கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. பக்கத்துக்கு, அதன் முகவரியைத் தரும் ரெல்பெர்மாலிங்க். படம், சிஎஸ்எஸ் (அலங்காரக்) கோப்புகள் என்றால், அவற்றை அசெட்ஸ் ஃபோல்டரில் வைத்து ரிசோர்சஸ்.கெட் ஃபங்ஷன் மூலம் எடுத்து, அவற்றின் ரெல்பெர்மாலிங்க். துணைப் பாதை தானாகச் சேரும்.

கட்டுரைக்குள் எழுதும் லிங்குகளின் கதை வேறு. ஹ்யூகோ இயல்பாக "அறிமுகம்.எம்டி" என்ற மார்க்டவுன் கோப்பை "/அறிமுகம்/" என்ற முகவரிக்கு மாற்றுகிறது. உலாவியோ கடைசிச் சாய்கோடு வரை உள்ளதையே அடித்தளமாகக் கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்தில் "நிறுவல்" என்று மட்டும் எழுதினால் "/அறிமுகம்/நிறுவல்" என்று தேடிப் போகும். எடிட்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோப்புகள் தளத்தில் ஒரு படி விலகி நிற்பது இதனால்தான். படத்தைப் பேஜ் பண்டிலாக, இன்டெக்ஸ்.எம்டி இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்தால் வெறும் பெயரே போதும்.

மற்றப் பக்கங்களுக்கு லிங்க் தர ரெல்ரெஃப் ஷார்ட்கோடு (கட்டுரைக்குள் எழுதும் சிறு கட்டளை). ஹ்யூகோவில் மனதாரப் பாராட்ட வேண்டிய வசதி இது: இலக்குப் பக்கம் இல்லையென்றால் பில்டையே (தளம் உருவாவதையே) நிறுத்திவிடும். ரெஃப்லிங்க்ஸ்எரர்லெவல் அமைப்பை வார்னிங் ஆக்கி இந்தக் கண்டிப்பைத் தளர்த்த வழி உண்டு, தளர்த்தாதீர்கள். அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பக்கம் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, # குறிக்குப் பின் வரும் தலைப்பு அங்கே இருக்கிறதா என்று பார்க்காது. 0.123 பதிப்பிலிருந்து சாதாரண மார்க்டவுன் லிங்கையே சரிசெய்யும் ரெண்டர் ஹூக் (லிங்கை ஹெச்டிஎம்எல் ஆக்கும் சிறு டெம்ப்ளேட்) உள்ளேயே வருகிறது. ஒருமொழித் தளத்தில் அமைப்புக் கோப்பில் அதை இயக்க வேண்டும். எழுத வசதி, ஆனால் இலக்கு கிடைக்காவிட்டால் எழுதியதை அப்படியே வெளியிட்டுவிடும், எச்சரிக்கை கூட வராது. பெரிய ஆவணத் தளத்துக்கு ரெல்ரெஃப்தான் பாதுகாப்பு.

அணைத்து வைக்க வேண்டியது ரிலேட்டிவ்யூஆர்எல்ஸ் என்ற அமைப்பு. பெயரைப் பார்த்ததும் இதுதான் தீர்வு என்று தோன்றும். உண்மையில் இது பக்கம் உருவான பிறகு ஹெச்டிஎம்எல்லைத் துழாவி, சாய்கோட்டில் தொடங்கும் லிங்குகளை "../" வடிவுக்கு மாற்றுகிறது. சர்வர் இல்லாமல் கோப்புகளை நேரே திறந்து படிக்கவே இது பயன்படும். ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதிய ஃபெட்ச் (தரவைக் கேட்டு வாங்கும்) பாதைகள் இதன் கைக்கு எட்டாது. சைட் தேடல் உடைந்தால் முதலில் அங்கே பாருங்கள். 404 பக்கம் இன்னும் மோசம். அந்தக் கோப்பு வேரில் இருப்பதால் அதன் லிங்குகள் "./" என்று மாறும். வாசகர் "/அ/ஆ/இல்லாதது" என்ற முகவரிக்குப் போனால் சர்வர் அதே கோப்பைத்தான் தரும். உலாவி சிஎஸ்எஸ்ஸை "/அ/ஆ/" ஃபோல்டரில் தேடும், பக்கம் அலங்காரம் ஏதுமின்றி வெறும் எழுத்தாகத் திறக்கும். இந்த அமைப்பு கட்டாயம் வேண்டும் என்றால், வெளியிடும் முன் இரண்டு படி ஆழமான ஒரு பொய் முகவரியைச் சர்வரில் திறந்து பாருங்கள்.