ஸ்லாப் போட்ட ரூபாய்கள்: தரப்புள்ளியை எதற்கு நம்புகிறேன், எதற்கு நம்புவதில்லை

நான் சேர்ப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள் மட்டும்தான். 1835ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் ரூபாயில் தொடங்கி ஆறாம் ஜார்ஜ் வரை. பத்து வருடங்களுக்கு மேலாக ஸ்லாப் போட்டதையும் (தரப்புள்ளி கொடுத்து பிளாஸ்டிக் உறையில் அடைத்தது) போடாததையும் கலந்தே வாங்குகிறேன். சிலவற்றை விற்றும் பார்த்துவிட்டேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அந்த பிளாஸ்டிக் பெட்டிக்கு இவ்வளவு காசு கொடுக்கணுமா சார்?" நாணயம் அசலா என்பதற்கு ஸ்லாப்பை நம்புகிறேன். தேய்த்துக் கழுவியதா என்பதற்குப் பெரும்பாலும் நம்புகிறேன். தரப்புள்ளி 63ஆ 64ஆ என்பதற்கு என் கண்ணைத்தான் நம்புகிறேன். "இதைவிட உயர்ந்த தரம் உலகிலேயே இல்லை" என்று விற்பவர் சொன்னால் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறேன்.

முறையைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். 1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோல் 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தது. அப்போது அது விலை போடும் வாய்ப்பாடுதான். 1ஆம் தரத்தில் இருப்பதைப்போல 70 மடங்கு விலை 70ஆம் தரத்துக்கு என்பது கணக்கு. அந்தக் கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள், நாணயத்துக்குப் புள்ளி போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தர ஆரம்பித்தன. அதுதான் ஸ்லாப். 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்தில் தேயாதது, எம்.எஸ். என்று போடுவார்கள். 50 முதல் 58 வரை ஏ.யூ., லேசான தேய்மானம். அதற்குக் கீழே எக்ஸ்.எஃப்., வி.எஃப். என்று இறங்கும். கழுவியது, துளையை அடைத்தது, வளையம் பற்றவைத்து எடுத்தது போன்றவற்றுக்கு எண் கிடையாது. 'டீடெயில்ஸ்' என்று எழுதி, குறை என்ன என்பதையும் கூடவே எழுதிவிடுவார்கள்.

ஸ்லாப் வருவதற்கு முன்பு நம் ஊர்களில் தரம் என்பது வியாபாரியின் வாய்வார்த்தை. "யூ.என்.சி. சார், கண்ணை மூடிட்டு எடுத்துக்கோங்க" என்பார்கள். யூ.என்.சி. என்றால் புழக்கத்துக்கே போகாதது. தெரிந்த வியாபாரி என்றால் அது போதும். பிறகு குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம், அவரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். வாட்ஸ்ஆப் குழுக்களில் விற்பனை தொடங்கியதும் அந்த உறவு போய்விட்டது. விற்பவர் யார் என்றே தெரியாது, மஞ்சள் விளக்கில் எடுத்த படம், பணம் முன்கூட்டியே. முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் சொல்வதற்கு மதிப்பு வந்தது அப்போதுதான். ஸ்லாப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இதற்கான கூலி என்றே நினைக்கிறேன்.

தேய்த்துக் கழுவிய விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கிடைக்கும் ரூபாய்களுக்கு இதுதான் பெரிய வியாதி. பழைய வெள்ளி ரூபாய் பெரும்பாலும் பூஜையறையில் இருந்து வருகிறது. வருஷா வருஷம் பண்டிகைக்கு முன்னால் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரத்தோடு சேர்த்துத் திருநீறு போட்டுத் தேய்த்திருப்பார்கள். சில வீடுகளில் புளி, சில வீடுகளில் பூந்திக்கொட்டை. கொஞ்சம் வசதியானவர்கள் தெரிந்த பத்தரிடம் கொடுத்து பாலிஷ் போட்டிருப்பார்கள். வெறுங்கண்ணுக்கு அது பளபளவென்று புதிதாகத் தெரியும். லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்து, ஒற்றை விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்தால் மன்னரின் கன்னத்தின் குறுக்கே மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் ஓடும். அச்சடித்த அன்றைய லஸ்டர், அதாவது அசல் மினுமினுப்பு, அப்படி இருக்காது. சாய்க்கச் சாய்க்க ஒளி ஒரு பட்டையாக எழும்பி வட்டமாகச் சுற்றி வரும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட எனக்குச் சில வருடங்கள் ஆனது. ஸ்லாப் போட்ட நல்ல நாணயங்கள் சிலவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அதுவும் முடிந்தது. எனவே புதியவர்களிடம் நான் சொல்வது: பாடப் புத்தகமாக வைத்துக்கொள்ளவாவது ஒரு எம்.எஸ். 63 வாங்கிவிடுங்கள். சாதாரண வருடமாக இருந்தால் போதும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மதிப்பீட்டில் 'கழுவியது' என்று வந்துவிட்டால் சிலர் ஸ்லாப்பை உடைத்து, நாணயத்தை வெளியே எடுத்து, மறுபடி 'யூ.என்.சி.' என்றே விற்கிறார்கள். நல்லவை ஸ்லாப்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன, தோற்றவை வெளியே உலவுகின்றன. ஆக, ஸ்லாப் பரவப் பரவ, ஸ்லாப் இல்லாத 'யூ.என்.சி.' மீதான சந்தேகமும் கூடிக்கொண்டே போகிறது. குடும்பத்தில் இருந்து நேரடியாக வரும் நல்ல நாணயத்துக்கும் இதனால் விலை குறைத்துக் கேட்கிறார்கள். விற்க வருபவருக்குக் காரணம் புரிவதில்லை, பாவம்.

அசலா போலியா என்ற விஷயத்தில் ஸ்லாப்புக்கு நான் தயங்காமல் பணம் கொடுப்பது மூன்று இடங்களில். முதலாவது 1911 ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த வருடத்து ரூபாயை நிறுத்தி, 1912இல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். 'பிக் ருப்பீ' (பன்றி ரூபாய்) என்ற பெயருக்காகவே விலை ஏறியது, விலைக்காகவே போலிகள் வந்தன. இரண்டாவது 1939 ரூபாய். உயர்தர வெள்ளியில் வந்த கடைசி ரூபாய். 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்து, விளிம்பில் பாதுகாப்புப் பள்ளமும் வந்துவிட்டது. 1938இல் இருக்கும் 8ஐச் செதுக்கி 9 ஆக்கியவை சந்தையில் உண்டு. எடை, வெள்ளி, விளிம்பு எல்லாமே சரியாக இருக்கும், அந்த ஒற்றை எண்ணில்தான் வேலை நடந்திருக்கும். இதை மேசையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க எனக்குத் துணிவில்லை. மூன்றாவது ப்ரூஃப் நாணயங்கள், அதாவது புழக்கத்துக்கு இல்லாமல் தனிக் கவனத்தோடு அடித்தவை. இந்திய நாணயச்சாலைகள் பழைய அச்சுகளை வைத்து, சேகரிப்பாளர்கள் கேட்டதற்காகப் பிற்காலத்தில் மறு அச்சு அடித்துக் கொடுத்திருக்கின்றன. அந்தக் காலத்து ப்ரூஃபுக்கும் மறு அச்சுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். லேபிளில் 'ரீஸ்ட்ரைக்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இனி விலை. 1939 வரையிலான ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறிய பிறகு வி.எஃப். ரூபாய்க்கும் எக்ஸ்.எஃப். ரூபாய்க்கும் இடையில் பெரிய வித்தியாசமே இல்லாமல் போனது. இரண்டையும் உருக்கும் விலைதான் தாங்கிப் பிடிக்கிறது. 1918 போன்ற வருடங்களுக்கு இது இன்னும் பொருந்தும். முதல் உலகப் போரில் இங்கே வெள்ளி பற்றாக்குறை வந்தபோது, அமெரிக்கா 1918ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்கீழ் தன் வெள்ளி டாலர்களில் சுமார் 25 கோடியே 90 லட்சத்தை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி ரூபாயாக இங்கே இறங்கியது. இன்று ஸ்லாப் சந்தையின் செல்லப்பிள்ளையான மார்கன் டாலர்கள்தான் அப்படிப் பெருமளவில் உருகிப்போனவை. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் 1918 ரூபாயில் அதன் மிச்சம் கொஞ்சம் இருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அது போகட்டும். இத்தகைய வருடங்களுக்கு வி.எஃப். தரத்தில் ஸ்லாப் போடுவது வீண். மதிப்பீட்டுக் கட்டணம் நாணயத்தின் விலையையே தாண்டிவிடும்.

தரம் விலையை உண்மையிலேயே அசைப்பது ஏ.யூ.வுக்கு மேலேதான். அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் விலை தாவுகிறது. ஏலங்களில் 62க்கும் 64க்கும் நடுவே விலை இரட்டிப்பாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாணயத்தில் என்ன வித்தியாசம்? பையில் ஒன்றோடொன்று உரசிய தழும்பு இரண்டு கூடுதல், அல்லது முகத்தில் இருக்க வேண்டிய தழும்பு பின்புறம் இருக்கிறது, அவ்வளவே. அதே நாணயத்தை உடைத்து மறுபடி அனுப்பினால் புள்ளி மாறி வருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாறாத அளவுகோல் என்ற தோரணைக்கு அமெரிக்காவிலேயே அடி விழுந்திருக்கிறது: புள்ளியை நம்பி முதலீட்டுப் பணம் குவிந்து 1989இல் உச்சிக்குப் போன சந்தை அடுத்த வருடமே சரிந்தது. 1990இல் ஃபெடரல் டிரேட் கமிஷன், விளம்பரங்களில் மிகைப்படுத்தியதாக பி.சி.ஜி.எஸ். மீது நடவடிக்கை எடுத்தது; நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டது. போட்ட புள்ளி சரிதானா என்று சொல்லி ஸ்லாப்பின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட, 2007இல் சி.ஏ.சி. என்று இன்னொரு நிறுவனமே வந்தது.

என் வழக்கம், ஏ.யூ. 58ஐத் தேடுவது. மேடான இடங்களில் மட்டும் ஒரு மூச்சளவு தேய்ந்து, மற்றபடி சுத்தமாக இருக்கும் 58, தழும்பேறிய 61ஐவிட எத்தனையோ அழகு. விலையோ குறைவு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பாதியை இப்படித்தான் சேர்த்தேன்.

அதிகம் ஏமாற்றுவது பாப்புலேஷன் ரிப்போர்ட். எந்த வருடத்து நாணயம் எந்தத் தரத்தில் எத்தனை ஸ்லாப் ஆகியிருக்கிறது என்ற கணக்கு அது. "பாப் 1 சார், இதுக்கு மேல ஒண்ணுகூட இல்ல" என்று விலையைச் சொல்வார்கள். மார்கன் டாலருக்கு அந்தக் கணக்கில் அர்த்தம் உண்டு. லட்சக்கணக்கில் அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். நம் ரூபாய்க்கு அப்படி இல்லை. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனி ஆள் நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1922 தேதியோடு முடிகிறது, ஆகவே அவை அத்தனையும் இப்போது நூறைக் கடந்துவிட்டன. விக்டோரியா, எட்வர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம் இருக்கும் விக்டோரியா ஸ்லாப்கள் எல்லாமே வெளிநாட்டில் இருந்த சேகரிப்புகளில் இருந்து ஏலம் வழியாகத் திரும்பி வந்தவை. நாணயங்களில் பெரும்பகுதி இங்கே பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கிறது. அது அந்தக் கணக்கிலேயே ஏறாது. மலிவான வருடத்தைக் கட்டணம் கட்டி யாரும் அனுப்புவதும் இல்லை. ஆகவே பாப் 1 என்பதற்கு, இதுவரை ஒருவர்தான் அனுப்பினார் என்று மட்டுமே பொருள். ஒரு நல்ல வீட்டுப் பெட்டி வெளிவந்தால் பாப் 1 பாப் 12 ஆகிவிடும். இரண்டு முறை கண்முன்னே நடந்தது. முதலில் வாங்கியவர் பிறகு குழுவில் பேசவே இல்லை.

லேபிளிலும் கண் வேண்டும். விக்டோரியாவின் 1862 ரூபாயை அதே தேதியோடு 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள்; பின்புறத்துப் புள்ளிகளை எண்ணித்தான் ரகம் பிரிக்க வேண்டும். எனக்கு வந்த ஒன்றில் புள்ளி எண்ணிக்கையைத் தவறாக எழுதியிருந்தார்கள். தரம் சரி, ரகம் தப்பு. திருத்தி வாங்க மறுபடி கடல் கடந்து அனுப்ப வேண்டும். நூறு வருடச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அப்படியே வைத்திருக்கிறேன்.

போலி ஸ்லாப்பும் உண்டு. உண்மையான சான்று எண்ணைத் திருடி, போலி உறையில் அச்சடித்துவிடுகிறார்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் "சரி" என்றுதான் வரும். அங்கே நிற்காமல், அதில் இருக்கும் படத்தை நாணயத்தோடு ஒப்பிடுங்கள்: டோனிங் (வெள்ளியில் நாளடைவில் படியும் நிறமாற்றம்) எந்த இடத்தில் எப்படிப் படர்ந்திருக்கிறது, பெரிய தழும்பு எங்கே. படம் இல்லாத பழைய ஸ்லாப் என்றால் நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை.

வருடக்கணக்கில் வைத்திருப்பதில் உள்ள சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லாப் காற்றுப்புகாத பெட்டி அல்ல. கடற்கரை ஊரின் ஈரத்தில் உள்ளேயே வெள்ளி நிறம் மாறுகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுகிறேன். எடை போட முடியாது, சுண்டிச் சத்தம் கேட்க முடியாது, பழைய ரக உறையில் விளிம்பையும் பார்க்க முடியாது. ஒரே ஆல்பத்தில் அடங்கிய தொகுப்பு இப்போது ஒரு அலமாரித் தட்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. உறை கீறிவிட்டால் படம் எடுப்பது தலைவலி.

விற்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. 1911 ஸ்லாப்பைக் குழுவில் போட்டதும் வாங்கியவர், "நம்பர் செக் பண்ணிட்டேண்ணா, அனுப்பிடுங்க" என்பதோடு பேச்சை முடித்துவிட்டார். அதே வாரம் போட்ட, அதற்குக் குறையாத தரமுள்ள 1912 ரூபாய்க்கு, ஸ்லாப் இல்லாததால், வீடியோ, ஓரத்தின் படம், எடை மெஷின் படம் என்று கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் எக்ஸ்.எஃப். விலைக்கே முடித்தார்கள். நகைக்கடைக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றே. கடைக்காரர் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்.

உள்நாட்டிலும் இப்போது ஸ்லாப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். சட்டச் சிக்கல் இல்லை, கட்டணமும் குறைவு. ஆனால் ஒரு கண்காட்சியில் நான் பார்த்தவற்றில், தேய்த்த கீறல் பளிச்சென்று தெரிந்த ரூபாய்க்கு 64 போட்டிருந்தது. தவறு நேர்ந்தால் விலை வித்தியாசத்தைத் தருவோம் என்ற உத்தரவாதத்தை எழுத்தில் யார் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அது கிடைக்கும்வரை அந்த உறைகளில் இருப்பதை ஸ்லாப் இல்லாத நாணயமாகவே கணக்கிட்டு, என் லூப் சொல்லும் விலையைத்தான் கேட்கிறேன். பாதி வியாபாரிகள் கோபப்படுகிறார்கள். மீதிப் பேர் கொடுத்துவிடுகிறார்கள்.